துறைமுகத்துக்கு வந்த கர்தினால்

லண்டன் மாநகரின் கிழக்குக் கோடியிலே பாப்லர் என்றொரு பகுதி. கப்பல்களும் கிடங்குகளும் கரித்தூளும் வறுமையும் நிறைந்த இடம். அங்கே கர்பி தெருவில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். 1889ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள், அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. வேலைநிறுத்தக் கமிட்டியினர் கூடியிருந்தனர். நான்கு வாரமாகக் கூலி காணாதவர்கள். பட்டினி கிடக்கும் பல்லாயிரம் குடும்பங்களின் சார்பிலே பேச வந்தவர்கள். அவர்கள் நடுவே மெலிந்த மேனியும் ஒட்டிய கன்னமுமாக ஒரு கிழவர் நின்றார். வயது 81.

அவர் துறைமுகத் தொழிலாளி அல்ல. எந்தச் சங்கத்திலும் உறுப்பினரும் அல்ல. அவர்தான் ஹென்றி எட்வர்ட் மானிங், வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர், ரோமாபுரி திருச்சபையின் கர்தினால். போப்பாண்டவருக்கு அடுத்த வரிசையிலே அமரும் குருமார்களில் ஒருவர்.

அவருக்கும் மூட்டை தூக்குவோருக்கும் என்ன உறவு? மாளிகையிலே இருக்க வேண்டியவர் துறைமுகத்துக்கு ஏன் வந்தார்? அந்தக் கதை, உழைத்து வாழும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை, தோழர்களே!

1808ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்தவர் மானிங். தந்தை வில்லியம் மானிங் பெரும் வணிகர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் சர்க்கரையிலே செல்வம் சேர்த்தவர். இங்கிலாந்து வங்கியின் தலைவராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அந்தச் சர்க்கரை யார் வியர்வையிலே விளைந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, கால்நடைகளைப்போல் விற்கப்பட்ட அடிமைகளின் வியர்வையிலே விளைந்தது. அந்தச் சர்க்கரை வணிகத்துக்கென்றே 1802இல் லண்டனிலே திறக்கப்பட்டதுதான் மேற்கிந்தியத் துறைமுகம். இந்தப் பெயரை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

செல்வச் சீமானின் மகன் ஹாரோ பள்ளியிலும், பிறகு ஆக்ஸ்போர்டிலும் படித்தார். பின்னாளில் நான்கு முறை பிரதமராக வந்த கிளாட்ஸ்டன் அவருடைய கல்லூரிக் காலத் தோழர். மானிங்குக்கும் அரசியலிலேதான் ஆசை. நாவன்மை இருந்தது, பணம் இருந்தது, பெரிய இடத்துத் தொடர்பு இருந்தது. ஆனால் 1831இல் தந்தையின் வாணிபம் நொடித்தது. மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலை வந்தது. மகனின் அரசியல் கனவும் அதோடு போயிற்று. சிறிது காலம் குடியேற்ற நாட்டு இலாகாவிலே எழுத்தராக உட்கார்ந்தார். பிறகு இங்கிலாந்து திருச்சபையிலே குருவானார்.

சஸெக்ஸ் மாவட்டத்திலே லாவிங்டன் என்ற சிற்றூர். அங்கே ஆடு மேய்ப்பவர்களும் பண்ணையாட்களுமே மக்கள். அங்கே குருவாகச் சென்ற மானிங், 1833இல் கரோலின் என்ற மங்கையை மணந்தார். நான்கே ஆண்டுகளில், 1837இல், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. மகவு ஏதும் இல்லை. அதற்குப் பிறகு மானிங் தனி மனிதர். 1840இல் சிச்செஸ்டரின் ஆர்ச்டீக்கன் பதவி கிடைத்தது. இங்கிலாந்து திருச்சபையின் உயர்ந்த பதவி ஒன்று அவருக்கு உறுதி என்று பலரும் எண்ணினர்.

ஆனால் அவர் உள்ளத்திலே வேறொரு போராட்டம். திருச்சபையின் கொள்கை எது என்று முடிவு கட்டும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டா என்ற கேள்வி 1850இல் எழுந்தது. கோரம் என்ற குருவைப் பற்றிய வழக்கிலே, அரசியின் ஆலோசனைச் சபை திருச்சபையை மீறித் தீர்ப்பளித்தது. மானிங்கால் அதை ஏற்க முடியவில்லை. 1851 ஏப்ரல் 6ஆம் நாள், பதவியையும் வருவாயையும் பழைய நண்பர்களையும் துறந்து, ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையிலே சேர்ந்தார்.

அன்றைய இங்கிலாந்திலே அது சிறு காரியமல்ல. கத்தோலிக்கர் என்றால் அங்கே கேவலம். காரணம், அவர்களிலே பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த பஞ்சைகள். 1845 முதல் அயர்லாந்தைச் சூறையாடிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலே பத்து லட்சம் பேர் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடினர். லண்டனுக்கு வந்தவர்கள் சேரிகளிலே ஒண்டினர். துறைமுகத்திலே கூலிக்கு நின்றனர். சீமான் மகன் மானிங், ஏழைகளின் சபைக்கு வந்து சேர்ந்தார். 1865இல் அந்தச் சபைக்கே இங்கிலாந்தின் தலைமகனாக, வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக ஆனார். 1875இல் கர்தினால் ஆனார்.

அவரைக் குறை சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. பதவி ஆசை கொண்டவர் என்றனர். சூழ்ச்சிக்காரர் என்றனர். ஜான் ஹென்றி நியூமன் போன்ற பேரறிஞரை முன்னுக்கு வரவிடாமல் தடுத்தார் என்றனர். 1869, 1870 ஆண்டுகளிலே வத்திக்கனில் கூடிய சங்கத்திலே, போப்பாண்டவரின் தீர்ப்பு தவறாதது என்ற கோட்பாட்டுக்காக முன்னணியிலே நின்று வாதாடியவர் அவர். அவர் இறந்தபின் லிட்டன் ஸ்ட்ரேச்சி 1918இல் எழுதிய நூலிலே அவரைக் கிண்டலும் கேலியுமாகவே தீட்டினார். இவற்றிலே உண்மையும் உண்டு. மானிங் பிடிவாதக்காரர்தான், அதிகாரத்தை விரும்பியவர்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்க நாம் முயலவில்லை. ஆனால் ஒரு மனிதனை எடைபோடும்போது, கிடைத்த அதிகாரத்தை யாருக்காகப் பயன்படுத்தினான் என்பதையும் தட்டிலே வைக்கத்தானே வேண்டும்?

வைத்துப் பார்ப்போம்.

பேராயர் ஆனதும், முந்தைய பேராயர் வைஸ்மனின் நினைவாகப் பெரியதொரு தேவாலயம் கட்ட வேண்டும் என்றனர். மானிங் என்ன செய்தார்? நிலத்தை வாங்கினார், கட்டடத்தைக் கட்டவில்லை. ஏழைக் கத்தோலிக்கக் குழந்தைகள் தெருவிலே திரியும்போது கல்லும் சாந்தும் எதற்கு, முதலில் பள்ளிக்கூடம் என்றார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தேவாலயம் எழவில்லை. 1895இல்தான், அவர் மறைந்த பிறகே, வேலை தொடங்கியது.

1872இல் பண்ணையாட்கள் சங்கம் கண்டனர். ஜோசப் ஆர்ச் என்ற வேலி வெட்டும் கூலியாள் அதன் தலைவர். மிட்டாமிராசுகள் கொதித்தனர். குருமார்களிலே பலரும் அந்த மிராசுகளின் பக்கமே சாய்ந்தனர். அந்த டிசம்பரில் லண்டன் எக்ஸிடர் மண்டபத்திலே பண்ணையாட்களுக்காகக் கூட்டம் நடந்தது. மேடையிலே ஜோசப் ஆர்ச்சோடு நின்றவர் பேராயர் மானிங்! லாவிங்டன் சிற்றூரிலே பண்ணையாட்களின் குடிசைகளைப் பார்த்த கண்கள், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை.

1874இல் லீட்ஸ் நகரிலே உழைப்பின் உரிமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். பணம் எப்படி முதலோ அப்படியே உழைப்பும் ஒரு முதல். அதற்கு உரியவன் தொழிலாளி. அதை என்ன விலைக்கு விற்பது, விற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் சங்கம் சேரும் உரிமையும் அவனுக்கு உண்டு. மனைவி மக்களோடு இருக்க நேரமில்லாமல் மனிதனை மாடாக உழைக்க வைக்கும் நாடு உருப்படாது. இதுதான் அவர் உரையின் சாரம். 1884இல் உழைப்பாளர் குடியிருப்பு நிலையை ஆராய அரசாங்கம் அமைத்த ராயல் கமிஷனிலும் அவர் அமர்ந்தார். பசியால் சாகப் போகிறவனுக்கு அயலான் வீட்டு ரொட்டியிலே இயற்கையான உரிமை உண்டு என்று எழுதிச் சீமான்களின் பத்திரிகைகளிலே வாங்கிக் கட்டிக்கொண்டார். அமெரிக்காவிலே தொழிலாளர் வீரர்கள் சங்கத்தைத் திருச்சபை தடை செய்துவிடும் ஆபத்து வந்தபோது, 1887இல் பால்டிமோர் பேராயர் கிப்பன்ஸ் ரோமாபுரியிலே அதற்காக வாதாடினார். அவருக்குத் துணை நின்றவரும் மானிங்தான்.

இனித் துறைமுகத்துக்கு வருவோம்.

1889இல் லண்டன் துறைமுகக் கூலியின் வாழ்வு எப்படி இருந்தது? விடிவதற்கு முன்பே வாயிலிலே போய் நிற்க வேண்டும். இரும்புக் கம்பி அடித்த கொட்டகைக்குள் ஆட்களை அடைப்பார்கள். மேஸ்திரி வருவான். ஐந்நூறு பேர் நிற்பார்கள். ஐம்பது பேருக்குத்தான் வேலை இருக்கும். சீட்டைப் பிடிக்க ஒருவன் தோளிலே ஒருவன் ஏறுவான். சட்டை கிழியும், இரத்தம் கசியும். வேலை கிடைத்தாலும் மணிக்கு 5 பென்னி; சில இடங்களிலே 4 பென்னி. அதுவும் ஒரு நாள் முழுதும் அல்ல. ஒரு மணி நேரம் வேலை கொடுத்துவிட்டுப் போ என்று துரத்தலாம். வெறும் வயிற்றோடு வருகிறார்கள், ஒரு மணி நேரம் வேலை செய்து 5 பென்னி சேர்ந்ததும், அதைக்கொண்டு சாப்பிடுவதற்காக வேலையை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு துறைமுகக் கம்பெனியின் மேலாளரே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். முதலாளி வாயாலேயே வந்த வாக்குமூலம்!

ஆகஸ்ட் 14ஆம் நாள் தொடங்கியது வேலைநிறுத்தம். எங்கே? மேற்கிந்தியத் துறைமுகத்திலே! மானிங்கின் தந்தை போன்ற வணிகர்களுக்காகக் கட்டப்பட்ட அதே துறைமுகத்திலே! லேடி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கப்பலின் சரக்கை இறக்கியதற்குச் சேர வேண்டிய மிகைக் கூலியைப் பற்றிய தகராறு பொறியாயிற்று. பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் மூவரும் அந்தப் பொறியைப் பெருநெருப்பாக்கினர். கார்ல் மார்க்ஸின் மகள் எலியனோர் மார்க்ஸும் வந்து கமிட்டியின் எழுத்து வேலைகளைச் செய்தார். கோரிக்கை என்ன? மணிக்கு 6 பென்னி. மிகைநேரத்துக்கு 8 பென்னி. வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் கொள்ளை ஒழிய வேண்டும். ஒரு பென்னி உயர்வுக்காகவா இவ்வளவு? ஆம், ஒரு பென்னிக்காகத்தான். ஏழை வீட்டிலே ஒரு பென்னி என்பது ஒரு வேளைச் சோறு.

கப்பல்களிலே சரக்கு அடுக்குவோர் சேர்ந்தனர், படகோட்டிகள் சேர்ந்தனர், வண்டிக்காரர்கள் சேர்ந்தனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையை விட்டனர். உலகத்தின் மிகப் பெரிய துறைமுகம் ஊமையாயிற்று. நாள்தோறும் ஊர்வலம். ஈட்டி முனையிலே மீன் தலைகளையும் அழுகிய வெங்காயத்தையும் குத்தி, இதுதான் எங்கள் சாப்பாடு என்று காட்டியபடி, செல்வர்கள் வாழும் நகர்ப் பகுதி வழியே நடந்தனர். ஒரு கல் எறியவில்லை. ஒரு கடையை உடைக்கவில்லை. கட்டுப்பாடு! அதைக் கண்டுதான் லண்டன் மக்களின் நெஞ்சம் திரும்பியது.

ஆயினும் பசி என்ன செய்யும்? ஆகஸ்ட் முடிவிலே நிதி வறண்டது. குழந்தைகள் துவண்டன. அந்த வேளையிலே கடல் கடந்து வந்தது கை. ஆஸ்திரேலியத் தொழிலாளரும் பொதுமக்களும் திரட்டி அனுப்பிய தொகை 30,000 பவுன்! முகம் அறியாதவர்கள், பல்லாயிரம் கல் தொலைவிலே இருந்தவர்கள் அனுப்பினார்கள். முதலாளிகள் எதிர்பார்த்திருந்த பட்டினிச் சரணாகதி வரவில்லை.

இந்தக் கட்டத்திலேதான் மானிங் புறப்பட்டார். செப்டம்பர்த் தொடக்கத்திலே தாமாகவே துறைமுக இயக்குநர்களிடம் சென்றார். அவர்கள் முகங்கொடுக்கவில்லை. அவர் திரும்பிப் போய்ப் படுக்கவில்லை. லண்டன் மேயரைப் பிடித்தார். மேயர் மாளிகையிலே சமரசக் குழு அமைந்தது. இங்கிலாந்து திருச்சபையின் லண்டன் ஆயர் டெம்பிள், சர் ஜான் லப்பக், சிட்னி பக்ஸ்டன் ஆகியோரும் அதிலே இருந்தனர். 6 பென்னியை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் ஜனவரி முதல்தான் என்றது கம்பெனி. தொழிலாளர் மறுத்தனர். இன்றைக்குப் பசிப்பவனுக்கு ஜனவரியிலே சோறா? ஆயர் டெம்பிள் சலித்துப் போய் ஓய்வுக்கு ஊரைவிட்டே போய்விட்டார். பத்திரிகைகள் தொழிலாளர் மேலே பாய்ந்தன. எல்லாம் குலையும் நிலை.

81 வயதுக் கர்தினால் மட்டும் விடவில்லை. கிழக்கு லண்டனுக்கு வண்டியேறினார். கர்பி தெருப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அங்கே அவர் சொன்னது என்ன? ஜனவரியும் வேண்டாம், உடனே என்றும் வேண்டாம். நவம்பர் 4ஆம் நாளிலிருந்து 6 பென்னி. இதை ஏற்றுக்கொண்டால் கம்பெனியை இதற்கு இணங்க வைப்பது என் பொறுப்பு என்றார். கமிட்டியிலே சீற்றம் எழுந்தது. ஏழு வாரம் ஏன் காத்திருக்க வேண்டும், வெற்றி கைக்கு எட்டும்போது ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமற்றதல்ல. மூன்று மணி நேரத்துக்கு மேல் வாதம் நடந்தது. கிழவர் கோபிக்கவில்லை; கட்டளையிடவில்லை. இன்னும் சில நாள் நீடித்தால் சாகப் போவது கம்பெனி இயக்குநர்கள் அல்ல, உங்கள் குழந்தைகள் என்பதை எடுத்துச் சொன்னார். வாக்கெடுத்தனர். ஏற்கலாம் என்றோர் 28 பேர். வேண்டாம் என்றோர் 15 பேர்.

செப்டம்பர் 14ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 16ஆம் நாள் வேலைக்குத் திரும்பினர். மணிக்கு 6 பென்னி, மிகைநேரத்துக்கு 8 பென்னி, எடுத்தால் குறைந்தது 2 ஷில்லிங் கூலி. ஒன்றிரண்டைத் தவிரக் கேட்டது கிடைத்தது. அந்த உடன்பாட்டுக்கு மக்கள் வைத்த பெயர் கர்தினாலின் சமாதானம்!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெற்றியைத் தேடித் தந்தவர் கர்தினால் என்று எழுதுவோர் உண்டு. அது பாதி உண்மை. ஒரு லட்சம் பேர் ஒரு மாதம் பட்டினி கிடந்து உறுதி காட்டியிராவிட்டால், ஆஸ்திரேலியப் பணம் வந்திராவிட்டால், எந்தக் கர்தினால் சொல்லையும் கம்பெனி கேட்டிருக்காது. முதல் நாள் அவர் போனபோது கேட்கவில்லையே! சமரசம் பேச வருகிறவனின் சொல்லுக்கு வலிமை தருவது சங்கத்தின் ஒற்றுமை. ஆனால் மறுபாதி உண்மையும் உண்டு. பட்டினியால் போராட்டம் உடையும் கட்டத்திலே, இரு தரப்பும் நம்பக்கூடிய ஒரு மனிதன் வேண்டும். ஏழையின் பக்கம் நின்றவன் என்று இருபது ஆண்டு பெயரெடுத்தவனாக அவன் இருக்க வேண்டும். மானிங் அப்படிப்பட்டவர். திடீரென்று வந்த தரகர் அல்ல அவர்.

பிறகு நடந்தது என்ன? டில்லட்டும் மானும் நடத்திய துறைமுகத் தொழிலாளர் சங்கம் பல்லாயிரம் உறுப்பினரோடு எழுந்தது. கைத்தொழில் கற்றவனுக்கு மட்டுமே சங்கம் என்றிருந்த காலம் மாறி, மூட்டை தூக்குபவனுக்கும் சங்கம் என்ற காலம் பிறந்தது. 1888இல் பிரிட்டனிலே சுமார் ஏழரை லட்சமாக இருந்த சங்க உறுப்பினர் தொகை, 1892இல் சுமார் 15 லட்சமாயிற்று. முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. 1890இலேயே கப்பல் முதலாளிகள் தங்களுக்கென ஒரு சம்மேளனம் அமைத்து, கருங்காலிகளைத் திரட்டித் திருப்பியடித்தனர். சங்கம் தேய்ந்தது, மீண்டும் வளர்ந்தது. அன்றாடம் வாயிலிலே நின்று சீட்டுப் பிடிக்கும் முறை அங்கே முற்றாக ஒழிய 1967 வரை ஆயிற்று. ஒரு வேலைநிறுத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1891 மே 15ஆம் நாள் போப் 13ஆம் லியோ, தொழிலாளர் நிலையைப் பற்றி உலகத் திருச்சபைக்கு மடல் விடுத்தார். நியாயமான கூலிக்கும் சங்கம் சேரும் உரிமைக்கும் ரோமாபுரி வாய்திறந்த நாள் அது. அதற்கு வழியமைத்தவர்களிலே மானிங்கும் ஒருவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சமதர்மத்தை அந்த மடல் ஏற்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் சங்கம் சேர்வது பாவம் என்று பிரசங்கம் செய்துவந்த முதலாளித் தாசர்களான குருமார்களின் வாயை அது அடைத்தது.

1892 ஜனவரி 14ஆம் நாள் மானிங் கண்மூடினார். அதே நாளிலே இங்கிலாந்தின் இளவரசர், பட்டத்துக்கு வர வேண்டிய கிளாரன்ஸ் கோமகனும் இறந்தார். அரண்மனை துக்கத்திலே ஆழ்ந்தது. ஆனால் கர்தினாலின் சவ ஊர்வலம் கென்சல் கிரீன் இடுகாட்டுக்குப் போன பாதை நெடுகிலும் மக்கள் வெள்ளம். அழைப்பு அனுப்பிக் கூட்டிய கூட்டம் அல்ல அது. கத்தோலிக்கர் மட்டும் கூடியதும் அல்ல. தொழிற்சங்கத்தார் வந்தனர், துறைமுகத் தொழிலாளர் வந்தனர், ஐரிஷ் சேரிகளிலிருந்து பெண்கள் குழந்தைகளோடு வந்தனர்.

சர்க்கரை வணிகரின் மகனாகப் பிறந்தார். அடிமைகளின் உழைப்பிலே விளைந்த செல்வம் அவர் தொட்டிலை ஆட்டியது. அதே சர்க்கரைக்காகக் கட்டிய துறைமுகத்திலே, மூட்டை தூக்குபவனின் ஒரு பென்னிக்காக 81ஆம் வயதிலே அலைந்தார். தந்தை வாங்கிய கடனை மகன் அடைத்தார் என்று சொல்லலாம். முழுதும் அடைத்தார் என்று சொல்ல முடியாது. அந்தக் கடன் அவ்வளவு பெரிது.

மதத் தலைவர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். தேவாலயம் கட்டியவர்கள் பெயர் கல்லிலே இருக்கிறது. கட்டாமல் பள்ளிக்கூடம் வைத்தவர், பள்ளிக்கூடத்திலே தொழிலாளரைக் கண்டு பேசியவர், அவர் பெயர் சங்க வரலாற்றிலே இருக்கிறது. பெரிய இடத்தில் இருக்கும் எவரையும் அளப்பதற்குத் தொழிலாளியிடம் ஒரே ஒரு முழக்கோல்தான் உண்டு. எங்கள் அடுப்பு எரியாத நாளிலே நீ எங்கே நின்றாய் என்பதுதான் அது. அந்தக் கோலால் அளந்தால், கர்தினால் மானிங் குறையுள்ளவர். ஆனால் குள்ளமானவர் அல்ல.